கம்பளிக் குல்லாயில் பந்துகள்

பிட்கெய்ர்டி, ஃபைஃப்
23 நவம்பர் 1986, ஞாயிறு

ஊனா,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அதனால் வெறும் ஊனா. நீ ஊரை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

இதைப் படித்துவிட்டு ஃபோனைத் தூக்காதே. எங்கள் ஃபோன் கூடத்தில் இருக்கிறது, அதற்குப் பக்கத்து நாற்காலியில் ஆர்ச்சி இருக்கிறார். அவருக்குத் தெரியக்கூடாத விஷயம் இது. கட்டிய புருஷனிடம் சொல்ல முடியாததைச் சண்டை போட்ட சிநேகிதிக்கு எழுதுகிறேன், என் நிலைமையைப் பார்.

அந்தக் கடைசி டென்னிஸ் மேட்ச் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நான் சர்வ் போட நின்றேன். நமக்கு நடுவர் யாரும் இல்லை, சர்வ் போடுகிறவள்தான் ஒவ்வொரு தடவையும் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாக உன்னோடு ஜோடியாக ஆடி, வாய் தானாகச் சொல்கிற விஷயம் அது. அன்றைக்கு 'முப்பது–பதினைந்து' என்றேன். உண்மையில் பதினைந்து–நாற்பது, நாம் தோற்றுக்கொண்டிருந்தோம். எதிர்ப்பக்கத்தில் வில்மா கெடிஸ் மட்டையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, இந்த வயதில் ஏமாற்றி ஜெயிக்க வேண்டுமா என்று கேட்டாள். அதற்கு நீ என்ன பதில் சொன்னாய்?

"அவ ஏமாத்தல வில்மா. அவங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

நாலு பேர் முன்னால் சொன்னாய். அப்புறம் என் தோளைப் பிடித்து, கோர்ட்டோரத்து ஷெட்டைக் காட்டி, "போ, ஷெட்டுல போய்க் கொஞ்சம் சூடா உக்காரு" என்று குழந்தையை அனுப்புகிற மாதிரி அனுப்பி வைத்தாய். மறுவாரம் உன் வீட்டுக்காரர் மேக்னஸுக்கு ஆர்க்னித் தீவுத் துறைமுகத்தில் வேலை என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். வழியனுப்ப நான் வரவில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை.

சரி, இப்போது நான் எழுதுவதற்குக் காரணம், நீ சொன்னது நிஜமாகிவிடுமோ என்ற பயம்தான்.

உனக்குப் பதிலாகக் கிரியர் என்னோடு ஆடுகிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருகிறவள், முப்பது வயது. சரியான நேரத்துக்குச் சைக்கிளில் வந்து இறங்குவாள், கையுறையோடு ஆடுவாள், ஒரு வாய் டீ குடித்துவிட்டு ஓடிவிடுவாள். நான் ஸ்கோர் சொல்ல வாயைத் திறந்து நின்றுவிட்டால் அவளே சொல்லிவிடுகிறாள். முதல் வாரம் எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தாள். மூன்றாவது வாரம் என்னைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது.

அம்மாவுக்கு ஸ்வெட்டர் பின்னும்போது கண்ணி எண்ணிக்கை தப்பியதில்தான் தொடங்கியது. கடைசியில் இரவு உடையோடு கடற்கரையில் நின்று, என்னை யார் என்று கேட்டாள். அப்போது அவளுக்கு அறுபத்திரண்டு வயது. எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு.

திங்கள் முதல் வெள்ளி வரை பண்ணை வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். இதுவரை ஒரு பிள்ளையின் பேரையும் மறக்கவில்லை. இதுவரை.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. ஷெட்டில் ஊளையிடுமே அந்தக் காற்று, அதை அக்டோபரிலேயே, அந்த மேட்சுக்கு முந்தின வாரமே அடக்கிவிட்டேன். நீ அப்போதே பெட்டி கட்டுவதில் மும்முரமாக இருந்ததால் உள்ளே வந்து பார்க்கவே இல்லை. எப்படி அடக்கினேன் என்று சொல்லமாட்டேன், யோசித்துக்கொண்டிரு. இப்போது கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்தால் உள்ளே ரொட்டி சுடலாம். ஆனால் நன்றி கெட்டவர்கள், மேட்சுக்குப் பிறகு அங்கே டீ குடித்த எல்லோருக்கும் தலைவலியாம். என் இஞ்சி கேக்தான் காரணம் என்று சொல்கிறார்கள்.

நெட்டா


ஸ்ட்ராம்னெஸ், ஆர்க்னி
1 டிசம்பர் 1986

அன்புள்ள நெட்டா,

நான் எழுதிவிட்டேன் பார், கை ஒன்றும் ஒடிந்துவிடவில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, இரண்டாவது தடவை அழுகை வந்தது, மூன்றாவது தடவை மேக்னஸ் வந்து அடுப்பில் மீன் கருகுவதைச் சொன்னார்.

வில்மா உன்னைக் கள்ளி என்று சொன்னதும் எனக்கு ரத்தம் கொதித்தது. கள்ளி என்று பேர் வாங்குவதைவிடச் சுகமில்லாதவள் என்று பேர் வாங்குவது மேல் என்று அந்த நொடியில் தோன்றியது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை மறுபடி பார்க்கத் தைரியமில்லாமல்தான் உன் வீட்டுக்கு வராமல் பெட்டி கட்டினேன். போதுமா? மன்னிப்பு என்ற சொல்லை எழுதச் சொல்லாதே. எழுதியதாக வைத்துக்கொள்.

ஒன்று சொல்கிறேன் கேள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அம்மாவை நினைத்து நினைத்து நீயே உன்னைப் பயமுறுத்திக்கொள்கிறாய். கோடையில் நீ ஒரு ஸ்கோரையும் தவறவிட்டதில்லை. ஆகஸ்டில் டை-பிரேக்கில் எனக்கே குழம்பியபோது நீதான் புள்ளி புள்ளியாகத் திருப்பிச் சொன்னாய். ஆகவே இது குளிர் செய்கிற வேலை. நீ என்றைக்குக் குளிர் தாங்கியிருக்கிறாய்? மூளையும் உடம்புதானே, அதுவும் விறைத்துப்போகும்.

வைத்தியம் சொல்கிறேன். மேட்சுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ஷெட்டுக்குப் போ. கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார். பந்துகளைக் கம்பளிக் குல்லாயில் போட்டுச் சூடுகாட்டுவோமே, அந்தப் பந்துகளோடு நீயும் சூடாகு. குளிர்ந்த பந்து எழும்பாது, குளிர்ந்த தலையும் அப்படித்தான்.

இன்னொன்று. ஸ்கோர் உனக்கு நிச்சயமாகத் தெரிந்தால் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. கிரியர் சொன்னாலும் சரி, வில்மா கத்தினாலும் சரி. பயந்து பயந்து விட்டுக்கொடுத்தால் எது மறதி, எது பயம் என்று உனக்கே பிரிக்கத் தெரியாமல் போய்விடும்.

இங்கே டென்னிஸ் என்று பேச்செடுத்தால் சிரிக்கிறார்கள். பந்தை மேலே போட்டால் அது நார்வேயில்தான் இறங்கும். வீட்டுச் சுவர் வழியாகக் காற்று உள்ளே வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது. ஷெட்டில் காற்றை எப்படி அடைத்தாய் என்று எழுது. விளையாட்டு வேண்டாம், எனக்கு நிஜமாகவே வேண்டும்.

ஆர்ச்சியிடம் சொல்லிவிடு. அவர் உன்னைத் தின்றுவிடமாட்டார்.

உன் ஊனா


பிட்கெய்ர்டி
21 டிசம்பர் 1986, ஞாயிறு

அன்புள்ள ஊனா,

உன் வைத்தியத்தைச் செய்தேன். பலிக்கவில்லை. இன்னும் மோசமாகிவிட்டது.

ஆறாம் தேதி ஒரு மணி நேரம் ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். வெளியே வந்தபோது கோர்ட்டின் கோடுகள் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் ஆடின. பதின்மூன்றாம் தேதி இன்னும் முன்னதாகப் போய் உட்கார்ந்தேன். அன்று நடந்ததைக் கேள். கிரியர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தாள். நான் அவளிடம், "எங்கம்மா டீக்கு வந்துட்டாளா?" என்று கேட்டேனாம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஷூ லேஸைக் கட்டத் தெரியாமல் விரலில் சுற்றிக்கொண்டு நின்றேனாம்.

அவள் கோபிக்கவில்லை. உன்னை மாதிரியே என் தோளைப் பிடித்தாள்.

"நீங்க உள்ள போய் உக்காருங்க. வெளிய ரொம்பக் குளிருது. நான் அவங்ககிட்ட சொல்லிக்கிறேன்."

மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தேன். தலை வெடித்துவிடும்போல் வலித்தது. பின்னால் வேலியோரமாகப் போய் வாந்தி எடுத்தேன். மேட்ச் கைவிடப்பட்டது. சாயங்காலம் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆர்ச்சியோடு சீட்டாடி ஜெயித்தேன்கூட. அதுதான் எனக்கு அதிகப் பயம். அம்மாவுக்கும் நல்ல சாயங்காலங்கள் இருந்தன. அந்தச் சாயங்காலங்களை நம்பித்தான் நாங்கள் ஏமாந்தோம்.

வேனை நிறுத்திவிட்டேன். முழங்கால் வலி என்று பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லி விடுப்பு வாங்கினேன். வேனில் இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் இந்த 'இன்னும்' என்பதை நம்பி அடுத்தவர் பிள்ளைகளை ஏற்ற முடியாது. சாவியை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதைத் தினமும் திறந்து பார்க்கிறேன், எங்கே வைத்தேன் என்று ஞாபகமிருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள.

முடிவு எடுத்துவிட்டேன். ஜனவரி பதினேழு சனிக்கிழமை வில்மாவின் கிளப்போடு கடைசி மேட்ச். அதை ஆடிவிட்டு ஆர்ச்சியிடம் சொல்லி, திங்களன்று டாக்டரிடம் போவேன். டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு என்னை யாரும் கோர்ட்டில் நிற்க விடமாட்டார்கள். அதனால் கடைசியாக ஒரு தடவை ஆடவேண்டும். கெஞ்சுகிறேன், தடுக்காதே.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருஷமாக மேட்ச் பக்கமே வராத ஆர்ச்சி இதைப் பார்க்க வருகிறாராம். "பனியில பைத்தியக்காரங்க ஆடுறத ஒரு நாளாவது பாக்கணும்ல" என்றார். அவர் நெஞ்சுச் சளிக்கு வெளியே நிற்க முடியாது. ஷெட்டுக்குள்ளே ஹீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஜன்னல் வழியாகப் பார்க்கவைக்கப் போகிறேன்.

காற்றை அடைத்த கதை கேட்டாயே. ஷெட் சுவரில் மேலேயும் கீழேயும் வட்ட வட்டமாகத் துவாரங்கள் இருக்குமே, ஊளை அங்கிருந்துதான். எத்தனையோ வருஷம் துணி திணித்துப் பார்த்தோம், காற்று பிடுங்கி எறிந்துவிடும். ஒரு நாள் பழைய பந்துக் கூடையைப் பார்த்தபோது யோசனை வந்தது. மட்டைப் பிடியால் ஒரு பந்தைத் தட்டி உள்ளே ஏற்றினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்துவிட்டது. எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். வழுக்கைப் பந்துகளுக்கு இதைவிட நல்ல ஓய்வுகாலம் கிடைக்குமா? உன்னிடமும் பழைய பந்துகள் இருக்குமே, வீட்டில் செய்து பார்.

உன் நெட்டா


ஸ்ட்ராம்னெஸ்
14 ஜனவரி 1987, புதன்

நெட்டா, நெட்டா,

அந்தப் பந்துகளைப் பிடுங்கு. இதைப் படித்து முடிக்காதே. முதலில் போய்ப் பிடுங்கு.

உன் கடிதம் கிறிஸ்துமஸ் நெரிசலில் மாட்டி, புதுவருஷம் கழித்துத்தான் வந்தது. பதில் எழுதச் சோம்பிவிட்டேன். இன்றைக்குக் காலையில் சமையலறைச் சுவரில் நிலக்கரி அடுப்புக்கு மேலே இருக்கும் துவாரத்தில் பழைய பந்து ஒன்றைத் திணித்துப் பார்த்தேன். பாதிதான் போயிற்று. சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தபோது மேக்னஸ் உள்ளே வந்தார். ரொட்டிக் கத்தியை எடுத்து அந்தப் பந்தைக் குத்தி வெளியே இழுத்து எறிந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை.

"ரெண்டு பேரும் செத்துப் போறதுக்கா? போன வருஷம் அந்தப் படகுல என்ன நடந்துதுன்னு தெரியுமா உனக்கு?"

படகின் உள்ளறையில் அடுப்பை மூட்டிவிட்டு, காற்று வருகிறது என்று துவாரத்தில் சாக்கைத் திணித்துவிட்டுத் தூங்கினார்களாம் இரண்டு பையன்கள். காலையில் இவர்தான் கதவைத் திறந்தவர். நெருப்புக்குக் காற்றுப் போதாவிட்டால் விஷம் கக்குமாம். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. முதலில் தலைவலி, வாந்தி, பிறகு குழப்பம், குடிகாரன் மாதிரி தடுமாற்றம், அப்புறம் தூக்கம். வெளிக்காற்றுக்கு வந்துவிட்டால் தெளிந்துவிடும்.

உன் கடிதங்களை எடுத்துவந்து மறுபடி படித்தேன். சனிக்கிழமை மட்டும் ஏன்? வேனில் ஒரு தடவையும் இல்லையே, ஏன்? நேரத்துக்கு வந்து இறங்கும் கிரியருக்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்து டீ குடித்தவர்களுக்கெல்லாம் தலைவலி. நீ எல்லோருக்கும் முன்னால் போய் எல்லோருக்கும் கடைசியாக வருகிறவள். எல்லாவற்றையும் நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய். நான்தான் படிக்கவில்லை.

உனக்குப் புத்தி கலங்கவில்லை. உன்னைக் கலக்கியது அந்த ஷெட். ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்கார் என்று அனுப்பி வைத்தது நான். கடவுளே, கதவைச் சாத்திக்கொள் என்று வேறு எழுதினேன்.

வியாழன்

இந்தக் கடிதம் இன்னும் போகவில்லை. பனியினால் விமானம் இல்லை, கப்பலும் கிளம்பவில்லை. உன் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். ஆர்ச்சி காதில் விழுந்தால் விழட்டும். உங்கள் ஊர்ப் பக்கம் கம்பிகள் அறுந்துகிடக்கின்றனவாம், எப்போது சரியாகும் என்று ஆபரேட்டருக்கே தெரியவில்லை. ஒவ்வொரு மணிக்கும் முயற்சி செய்கிறேன்.

வெள்ளி

நாளைக்கு மேட்ச். உங்களுக்குப் பக்கத்து டவுன் போலீசில் ஒருவர் கிடைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டென்னிஸ் பந்து என்றதும் சிரித்துவிட்டார்.

"முழங்கால் பனிம்மா இங்க. இதுல யாரு டென்னிஸ் ஆடப் போறாங்க?"

அவருக்கு உன்னைத் தெரியாது. எனக்குத் தெரியும். நீ மண்வெட்டி எடுத்துப் பனியைத் தள்ளிவிட்டு ஆடுவாய். பாதை அடைபட்டாலும் வில்மா கரையோரமாகவே நடந்து வந்துசேருவாள், வராவிட்டால் புள்ளி போய்விடுமே. பாதை திறந்ததும் ஆள் அனுப்பிச் சொல்வதாக அந்தப் போலீஸ்காரர் சொன்னார். அவர் குரலைக் கேட்டால் அனுப்புகிறவராகத் தெரியவில்லை.

மேக்னஸ் துறைமுகத்தில் கப்பலுக்காக நிற்கிறார். போகிற எவர் கையிலாவது இதைக் கொடுத்துவிடுவார். இது உன் கைக்கு வரும்போது சனிக்கிழமை முடிந்திருக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதாமல் உட்கார முடியவில்லை. ஆர்ச்சியை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதே. நீயும் உள்ளே போகாதே. குளிரில் நில், நெட்டா. வெளியே நில்.

ஊனா


பிட்கெய்ர்டி மருத்துவமனை
18 ஜனவரி 1987, ஞாயிறு

ஊனா,

உன் வீட்டுச் சுவரில் பந்து வைத்திருந்தால் போய் எடுத்துவிட்டு வந்து மீதியைப் படி. கெஞ்சுகிறேன். செய்து பார் என்று உனக்கு எழுதியது நேற்று மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது. ஃபோன் இன்னும் வேலை செய்யவில்லை.

எடுத்துவிட்டாயா? இப்போது சொல்கிறேன்.

மூன்று நாள் பனி. வெள்ளியன்றே யாருக்கும் நம்பிக்கையில்லை. சனிக்கிழமை விடிந்ததும் நானும் கிரியரும் மண்வெட்டியோடு போய்விட்டோம். ஷெட்டில் ஒரு நிமிஷம்கூட உட்கார நேரமில்லை. பனியைத் தள்ளித் தள்ளிக் கைகள் கொப்பளித்தன. ஆர்ச்சி பிறகு வந்தார். ஹீட்டரைப் பற்றவைத்து, நாற்காலியை ஜன்னலைப் பார்க்கப் போட்டு, கம்பளியைப் போர்த்தி, பந்துகள் இருக்கும் குல்லாயை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் செட் முடிந்ததும் வழக்கப்படி பந்து மாற்ற வேண்டும், அதுவரை இதற்குக் காவல் நீங்கள்தான் என்றேன். சூடு வெளியே போகக்கூடாது என்று கதவை நன்றாக இழுத்துச் சாத்தினேன். என் கையால் சாத்தினேன், ஊனா.

வில்மாவும் அவள் ஜோடியும் கரையோரமாக நடந்தே வந்தார்கள். ஆட ஆரம்பித்தோம். மூச்செல்லாம் புகை, பந்து கல் மாதிரி. ஆனால் என் தலை கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருந்தது. ஒவ்வொரு சர்வுக்கும் ஸ்கோரைச் சொன்னேன், ஒன்றும் தப்பவில்லை. திரும்பித் திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். ஆர்ச்சி கையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலில் ஆவி படிந்துவிட்டது, அவர் தெரியவில்லை. அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை. என் சந்தோஷத்தில் இருந்தேன். இன்றைக்கு நல்ல நாள், கடைசி நல்ல நாள் என்று நினைத்து ஆடினேன்.

செட்டை முடித்த பந்து வில்மாவின் காலடியில் விழுந்து எழும்பாமல் செத்தது. நான் வலைக்கு நடந்தேன். அவள் நகரவில்லை.

"எங்க போற? அஞ்சு–நாலு. இன்னும் ஒரு கேம் இருக்கு. உனக்குத்தான் கணக்கு நிக்காதே நெட்டா."

கிரியரைப் பார்த்தேன். கணக்கு டீச்சர் அவள், அவளுக்கே நிச்சயமில்லை. பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. ஒரு கேம்தானே, ஆடிவிடலாமே என்று முணுமுணுத்தாள். எனக்கு உள்ளே அம்மா வந்து நின்றாள். விட்டுக்கொடுத்துவிடு, நீ எப்போதும் தப்பாகத்தானே சொல்கிறாய் என்று பயம் பிடித்து இழுத்தது. வாயைத் திறந்து 'சரி' என்று சொல்லப்போனேன்.

அப்போது உன் கடிதம் நினைவுக்கு வந்தது. தெரிந்தால் விட்டுக்கொடுக்காதே என்று எழுதியிருந்தாயே. எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கேமாகச் சொன்னேன், யார் சர்வ், யார் எடுத்தது, கிரியர் எங்கே இரண்டு சர்வையும் வலையில் அடித்தாள், வில்மா எங்கே வழுக்கி உட்கார்ந்தாள் என்பதுவரை. பத்து கேமும் வரிசையாக வந்தன.

"ஆறு–நாலு. செட் முடிஞ்சுது வில்மா. நான் பந்து எடுக்கப் போறேன்."

கதவைத் திறந்தேன். ஆர்ச்சி நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார். குல்லாய் அவர் மடியில் இருந்தது, எனக்குக் கொடுக்க எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். பந்துகள் தரையில் உருண்டுகிடந்தன. முகம் நல்ல ரோஜா நிறம். கல்யாணத்தன்றுதான் அந்த நிறத்தில் பார்த்திருக்கிறேன். தூங்குகிறார் என்று நினைத்துக் கன்னத்தைத் தொட்டேன். தலை தொங்கியது.

நான் எப்படிக் கத்தினேன் என்று தெரியவில்லை. வில்மாதான் முதலில் ஓடிவந்தாள். அவள் காலைப் பிடிக்க, நான் கையைப் பிடிக்க, இழுத்து வெளியே பனியில் போட்டோம். கிரியர் டாக்டர் வீட்டுக்கு ஓடினாள். வில்மா தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் பனியில் மண்டியிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லியதாக ஒரு புகை வந்தது. பிறகு வரவில்லை. பிறகு வந்தது. ஊனா, அந்த இடைவெளிகளைப்போல எதற்கும் நான் பயந்ததில்லை. அம்மாவைப் பற்றிய பயம் அதற்குமுன் ஒன்றுமில்லை.

டாக்டர் டிராக்டரில் வந்தார். ஆக்ஸிஜனை மாட்டிவிட்டு ஷெட்டுக்குள் போனவர் ஹீட்டரை அணைத்தார், சுவரைப் பார்த்தார். அடியில் இருந்த ஒரு பந்தைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இது யார் வேலை? இங்க ரொம்ப நேரம் உக்காருறது யாரு?"

இரண்டு கேள்விக்கும் நான்தான் என்றேன். தலைவலி உண்டா, வாந்தி உண்டா, குழப்பம் உண்டா, வீட்டுக்குப் போனால் சரியாகிவிடுமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். கேட்கக் கேட்க எனக்குப் புரிந்துகொண்டே வந்தது. எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் நோய் என்னிடம் இல்லை. மூன்று மாதம் இந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்தேன். அது வந்த நேரத்தில் ஆர்ச்சி பனியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். சந்தோஷப்படவும் முடியவில்லை, சந்தோஷம் வராமலும் இல்லை. அதற்காக வெட்கப்பட்டு அழுதேன்.

இன்னொரு கேம் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரைக் கேட்டேன். அந்தக் குளிரில் டியூஸ் டியூஸ் என்று சமத்திலேயே இழுத்தால் ஒரு கேம் கால் மணி நேரம்கூடப் போகும் என்றேன். அவர் கையைக் கழுவப் போய்விட்டார். வில்மா வீட்டுக்குக் கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து நின்று, "ஆறு–நாலுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று காலையில் ஆர்ச்சி கண் விழித்தார். நர்ஸ் ஆக்ஸிஜன் முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தினாள். நான் என்னென்னவோ சொல்ல வைத்திருந்தேன், பந்துகள், முழங்கால் பொய், வேன் சாவி எல்லாம். ஒன்றும் தேவைப்படவில்லை. இழுப்பறையைத் திறந்து திறந்து நான் சாவியைப் பார்ப்பதை அவர் கதவருகே நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். மேட்ச் பார்க்க வருகிறேன் என்றதே என்னைப் பார்ப்பதற்குத்தான். நான் பயப்படுவேன் என்று அவரும், அவர் பயப்படுவார் என்று நானும் ஒரே வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அவர் உதடு அசைந்தது. குனிந்தேன்.

"ஸ்கோர் என்ன?"

"ஆறு–நாலு."

என்னையே பார்த்தார். அவர் கண்ணில் என் பயமெல்லாம் இருந்தது.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"அப்ப சத்தமா சொல்லு."

சொன்னேன், ஊனா. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

உன் நெட்டா